பவானி ஆற்றோரம் நான்கு நாள்: முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், நான்கு நாள் பவானி ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கூட வருவது மனைவி, எட்டும் பன்னிரண்டும் வயதான இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு எழுபதைத் தொட்ட அப்பா. ஆற்றில் குளிக்க வேண்டும், பரிசலில் போக வேண்டும், யானை பார்க்க வேண்டும், முடிந்தால் காட்டுக்குள் ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். இதெல்லாம் ஒரே பயணத்தில் முடியுமா என்பதுதான் கேள்வி. நான் இதை வேறு மாதிரி பிரித்துக்கொள்கிறேன். ஆற்றில் எங்கே பயமில்லாமல் இறங்கலாம், காட்டில் எதுவரை போகலாம், அப்பாவையும் பிள்ளைகளையும் அலைக்கழிக்காமல் இதை எப்படி அடுக்குவது. கூடாரத்துக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் கோபி, அதாவது கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரன். நீர்வளத்துறை தனித் துறையாகாமல் பொதுப்பணித்துறைக்குள் இருந்த காலத்திலிருந்தே இந்த ஆற்றின் மதகுகளோடும் வாய்க்கால்களோடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் தண்ணீரைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். காட்டையும் விலங்குகளையும் பற்றிச் சொல்வது பக்கத்தில் குடியிருப்பவன் பார்த்ததும் வனத்துறை நண்பர்களிடம் கேட்டதும். அங்கே சோதனைச்சாவடியில் நிற்கும் வனக்காவலர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. விடுதி வாடகை, நுழைவுக் கட்டணம் இதெல்லாம் அடிக்கடி மாறுகிறது, அதை நான் எழுதப் போவதில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பவானியை மலையிலிருந்து தானாக இறங்கி ஓடும் ஆறு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மேற்கே கேரளத்து அட்டப்பாடி வழியாக வரும்போது அப்படித்தான் வருகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்ததும் பில்லூர் அணை. மேட்டுப்பாளையம் தாண்டினால் பவானிசாகர். அதற்குக் கீழே கொடிவேரி அணைக்கட்டு. கடைசியில் காவிரியைத் தொடும் முன்பு காலிங்கராயன் அணைக்கட்டு. ஆற்றில் இன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீரா, ஆள் உயரமா என்பதைப் பாதி நாள் தீர்மானிப்பது வானம் அல்ல, மேலே எந்த மதகு எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்பதுதான். போன வருடம் இதே தேதியில் நண்பர் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே காய்ந்த பாறையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. வெள்ளம் போகிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் நிறைய.

பவானிசாகரின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நாடு விடுதலையான கையோடு 1948இல் தொடங்கி 1955இல் முடித்த மண் அணை. இதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. பாதி நிலத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் நடு வரை நஞ்சைக்கு, மீதிப் பாதிக்கு ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை புஞ்சைக்கு. இடையில் டிசம்பர் பின்பாதியில் வாய்க்கால் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் நின்றுவிடாது. கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் கீழ்பவானிக்குப் பல நூற்றாண்டு மூத்தவை, அவற்றின் பங்கு அணையிலிருந்து ஆற்று வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆக நீங்கள் வரும் வாரத்தில் கொடிவேரியில் அளவான தண்ணீர் விழுந்துகொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இது கணக்குப்படி. வடகிழக்குப் பருவமழை பின்தங்கி அடித்தால் கணக்கு மாறும். அணையில் மழை மாதங்களில் 102 அடிக்கு மேல் தேக்க மாட்டார்கள், அக்டோபர் கழிந்த பிறகுதான் 105 வரை விடுவார்கள். அது நிரம்பிய நிலையில் நீலகிரியில் ஒரு பெருமழை பெய்தால் வருகிற தண்ணீர் அப்படியே ஆற்றுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட நாளில் கொடிவேரியில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஈரோடு மாவட்டச் செய்திகளில் தினமும் பவானிசாகர் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் வரும். ஒரு வாரம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டு வாருங்கள். நீர்மட்டத்தை விட்டுத்தள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது 'ஆற்றில் வெளியேற்றம்' என்ற எண். அது ஒரே நாளில் பல மடங்கு ஏறியிருந்தால் அன்றைக்குக் கொடிவேரியை விட்டுவிட்டு மலைக்குப் போய்விடலாம்.

கொடிவேரி பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பயணத்தின் நடு இடம் அதுதான். ஆற்றின் குறுக்கே பாறைகளையே அடித்தளமாக வைத்துக் கட்டிய நீளமான கல் சுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொங்காள்வான் கட்டியது, கல்லோடு கல்லை இரும்புக் கம்பியால் இணைத்து ஈயம் காய்ச்சி ஊற்றினார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. ஆண்டையும் ஈயத்தையும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த அணைக்கட்டுதான் கோபி வட்டாரத்து நெல்லுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சுவரின் மேல் வழியும் தண்ணீர் ஒரே திரையாகக் கீழே விழும். குற்றாலம் மாதிரி தலையில் இடிக்காது, தோளில் தட்டிக்கொடுத்தது போல விழும், அதனால்தான் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் ஒத்துப்போகிறது. அப்பாவை விழும் தண்ணீருக்கு அடியில் நிற்க வைக்காதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். பாறையில் பச்சையாகத் தெரியும் பாசி கண்ணுக்குத் தெரிந்தே இருப்பதால் யாரும் அதில் கால் வைப்பதில்லை, கருப்பாக மின்னும் இடம்தான் வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, பாதத்தை முழுசாகப் பதித்து நடந்தால் போதும்.

அங்கே உயிர் போனவர்கள் விழும் தண்ணீருக்கு அடியில் நின்று போனவர்கள் அல்ல. தடுப்பைத் தாண்டிக் கீழே பாறை இடுக்குகளில் அமைதியாகத் தேங்கி நிற்கும் மடுவில் இறங்கியவர்கள். மேலே நுரையாக விழுகிற தண்ணீர் பாறைக்கு அடியில் குடைந்து வைத்திருக்கும் பள்ளம் வெளியே தெரியாது. நீச்சல் தெரியும் என்கிற இளவட்டம்தான் அதிகமாக மாட்டுகிறது. இன்னொரு விஷயம், அணையில் திறந்த தண்ணீர் சத்தியமங்கலத்தைத் தாண்டி இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். காலையில் எச்சரிக்கை கொடுத்து, 'ஒன்றும் காணோமே' என்று மக்கள் நிற்கும்போதே நிறம் மாறும். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். எங்கள் லஸ்கர் ஒருவர், மதகைத் திறந்து மூடும் பணியாளர், குளிக்க வந்தவர்களிடம் சலிக்காமல் சொல்வார்: "ஏனுங், தண்ணி சத்தம் மாறுச்சுன்னா சோப்பத் தேட வேண்டாமுங், ஆளத் தேடிப் புடிச்சு மேல வாங்."

போகும் நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமையும் ஜனவரி 1ஆம் தேதியும் காணும் பொங்கலும் அங்கே ஆற்றைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்க முடியும். டிசம்பர் கடைசியில் சபரிமலைக்குப் போய் வரும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். கேட் திறந்த கையோடு வார நாளில் உள்ளே போய்விட்டால் பத்து மணிக்குள் நிம்மதியாகக் குளித்து முடித்துவிடலாம். வெளியே வந்ததும் வரிசையாக மீன் கடைகள். மிளகாய்ச் சாந்து தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள், கண்ணெதிரே தோசைக்கல்லில் போட்டு வறுத்துத் தருவார்கள். ஜிலேபி மீன் முள் குறைவு, பிள்ளைகளுக்கு அதுவே சரி. எண்ணெய் கருத்திருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி, இறங்கக் கூடாத இடங்கள். முதலாவது மேட்டுப்பாளையம். ஊட்டிக்குப் போகிற வழியில் ஆற்றைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கத் தோன்றும். மேலே பில்லூர் அணை இருக்கிறது, முழு உயரம் 100 அடி, 97 அடியைத் தொட்டால் உபரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதுபோக மின்சாரம் எடுக்கத் திறப்பது தனி. வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மழையின் சுவடே இருக்காது, கணுக்கால் அளவு ஓடிய ஆறு கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரைக்கு வர முடியாமல் தீயணைப்புத் துறை கயிறு கட்டி மீட்ட செய்தி வருடா வருடம் வரும். மீட்க முடியாமல் போன செய்தியும் வரும். இரண்டாவது கீழ்பவானி வாய்க்கால். பார்ப்பதற்கு நேரான, அமைதியான நீச்சல் குளம் மாதிரி இருக்கும், ஊர்க்காரப் பையன்கள் பாலத்திலிருந்து குதிப்பார்கள். முழு அளவில் வினாடிக்கு 2300 கன அடி ஓடும் வாய்க்கால் அது. இரண்டு பக்கமும் சரிவான கரை, பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. தண்ணீர் உங்களை இழுத்துப் போகும்போது கரை கைக்கெட்டும் தூரத்திலேயே கூட வரும், ஏறத்தான் முடியாது. நீங்கள் வரும்போது அது அடைத்திருந்தால் நல்லதாகப் போயிற்று. திறந்திருந்தால் பாலத்தில் நின்று பாருங்கள், போதும்.

பரிசலுக்கு இரண்டு வழி. கொடிவேரியில் அணைக்கட்டுக்கு மேல்புறம், தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதியில் ஓட்டுகிறார்கள். குறுகிய சவாரி, பிள்ளைகளுக்குப் போதும். இன்னொன்று காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் போகும் பரளிக்காடு. பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா, ஓட்டுவதும் சமைத்துப் போடுவதும் அந்த ஊர்களின் இருளர் மக்கள். மூன்று பக்கமும் மலை, நடுவே அசையாத தண்ணீர், மதியம் வீட்டுச் சாப்பாடு. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பரளிக்காடு என்பேன். ஆனால் அது வழக்கமாக வார இறுதியில் மட்டும்தான், முன்பதிவு இல்லாமல் போனால் திரும்ப வேண்டியதுதான். கோவைப் பக்கமாக இருப்பதால் கடைசி நாளில் வைத்துக்கொண்டால்தான் உங்கள் பாதைக்குப் பொருந்தும். எங்கே ஏறினாலும் சில விஷயங்களைக் கறாராகச் சொல்லுங்கள். உயிர்காப்புச் சட்டை அளவு பார்த்துப் பிள்ளைகளுக்கு வேண்டும், பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் சட்டை மட்டும் மேலே வரும், பிள்ளை கீழே நழுவிவிடும். பரிசல் வட்டமானது, அதற்கு முன் பின் கிடையாது, எடை ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கம் சாயும். ஆகவே எதிரெதிரே அடியில் உட்கார வேண்டும், படம் எடுக்க எழுந்து நிற்கக் கூடாது. நடுவில் பரிசல்காரர், "சுத்திக் காட்டட்டுங்களா?" என்று கேட்பார். பிள்ளைகள் குதிப்பார்கள். அப்பா கூட இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒரு சுற்றிலேயே தலை கிறுகிறுத்துவிடும்.

சரி, காடு. சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமானது, 1400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. வீரப்பன் காடு என்று இன்னும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், அவன் இறந்தது 2004இல். இப்போது இந்தக் காட்டின் பேச்சு புலியும் யானையும் கழுகும்தான். மாயாறு நீலகிரியிலிருந்து ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி வந்து பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளில் பெரும்பகுதி கூடு கட்டுகிறது. வெளிமானும் அங்கே உண்டு. உங்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் பவானிசாகரிலிருந்து காராச்சிக்கொரை சோதனைச்சாவடி தாண்டித் தெங்குமரஹாடாவுக்குப் போகும் மண் சாலையில் வெளியாள் வண்டியை விட மாட்டார்கள். மாயாற்றைப் பரிசலில் கடந்து போகும் அந்த ஊரைப் பற்றி வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. 'அங்கே ஆள் பிடித்துக் கூட்டிப்போகிறேன்' என்று யாராவது சொன்னால் காசு கொடுத்துவிடாதீர்கள். அபராதம் உங்களுக்குத்தான் விழும், அவருக்கு இல்லை.

கூடாரமும் இதே கணக்குதான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். 2024 முதல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டியோடு இணையத்தில் முன்பதிவு நடத்துகிறது. நடக்கத்தான் வேண்டுமென்றால் அந்தத் தளத்தில் நீங்கள் வரும் வாரத்தில் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஆனால் முழங்கால் வலிக்கும் எட்டு வயதுக்கும் பொருந்தும் பாதை கிடைப்பது கடினம். விதியை விடுங்கள், ஆற்றங்கரையில் கூடாரம் போடுவதே இங்கே புத்திசாலித்தனம் இல்லை. ராத்திரி தண்ணீருக்கு யானை வரும் வழி அதுதான். மேலே அணையில் மதகு திறந்தால் தண்ணீர் வரும் வழியும் அதுதான்.

அப்படியானால் யானை பார்ப்பது எப்படி? சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திம்பம், அதைத் தாண்டி ஆசனூர். இது மைசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை, பகலில் யாரும் போகலாம். காரில் உட்கார்ந்தபடியே யானை பார்க்க இதைவிட நல்ல சாலை எங்கள் பக்கம் இல்லை. ஆனால் உறுதி கொடுக்க முடியாது. மார்ச், ஏப்ரலில் காடு காய்ந்ததும் யானைக்கூட்டம் அணையின் ஓரங்களுக்கும் குட்டைகளுக்கும் இறங்கும், அப்போது கண்ணில் படுவது சுலபம். டிசம்பரில் காடெங்கும் பசுமை, எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர், அதற்கு ரோட்டோரம் வர வேண்டிய அவசியம் குறைவு. ஆசனூரை அடுத்த காராப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. தாளவாடியிலிருந்து கரும்பு ஏற்றி வரும் லாரிகளை எதிர்பார்த்து சில யானைகள் அங்கே நின்று பழகிவிட்டன. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அது நல்ல பழக்கமில்லை, லாரிக்காரர்கள் கரும்பை வீசி வீசிக் கெடுத்தது.

யானை தெரிந்தால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். குட்டியோடு இருந்தால் இன்னும் பின்வாங்குங்கள். இறங்கிப் படமெடுப்பது கூடவே கூடாது. வளைவுகளிலும் நிறுத்தக் கூடாது. கீழே சமவெளியும் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரிகிற இடம் வந்ததும் எல்லோரும் பிரேக் போடுவார்கள், பின்னால் பாரம் ஏற்றிய லாரி வரும். மேலே திம்பத்தில் போய் இறங்கிப் பாருங்கள். 2022 முதல் இந்த மலைச்சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை அமலில் இருக்கிறது, நேரம் வண்டிக்கு வண்டி வேறுபடும். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் சூரியன் சாயும் முன் பண்ணாரிக்கு இறங்கிவிடுங்கள். மார்கழிப் பனியில் காலையிலும் எதிரே வண்டி தெரியாது, எட்டு மணிக்கு மேல் ஏறுவது நல்லது. பிள்ளைகளுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 27 வளைவு என்பது ஏற மட்டும், இறங்கும்போது இன்னொரு 27.

ஊர் சுற்றலுக்கு ஆசனூர் வரை போக மனமில்லை என்றால் கோபிக்கு வடக்கே குண்டேரிப்பள்ளம் அணை இருக்கிறது. சின்ன அணை, பின்னால் மலை. மாலையில் யானைகள் எதிர்க்கரையில் தண்ணீர் குடிக்க வருவதுண்டு. அணைப் பணியாளர்கள் நிற்கச் சொல்லும் இடத்திலிருந்து பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

அடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தால் விடியும் முன் ஈரோடு. அங்கிருந்து வண்டி வைத்துக்கொண்டு பவானி கூடுதுறைக்கு வந்துவிடுங்கள். பவானியும் காவிரியும் சேருமிடம், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்கிறது என்று நம்பிக்கை. மேட்டூரில் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறப்பது வழக்கம் என்பதால் டிசம்பரில் காவிரியில் தண்ணீர் இருக்கும். படித்துறையில் தடுப்புக்குள் நின்று மூழ்கி எழலாம், அப்பாவுக்கு ஆற்றுக் குளியலுக்கு இதுவே வாகான இடம். பக்கத்தில் திதி கொடுப்பவர்களும் இருப்பார்கள், அமாவாசையாக இருந்தால் கூட்டம் தாங்காது, நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். சங்கமேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய திருநணா. கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ வேதநாயகி அம்மனுக்கு 1804இல் கொடுத்ததாகச் சொல்லும் தந்தக் கட்டில் அங்கே இருக்கிறது. அம்மன் சிறுமியாக வந்து எழுப்பி வெளியே அழைத்துப் போனாள், உடனே அவர் தங்கியிருந்த கட்டடம் இடிந்து விழுந்தது என்பது கதை. பிள்ளைகள் கதையைக் கேட்டுவிட்டுக் கட்டிலைப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஊரிலேயே கைத்தறி ஜமக்காளம் வாங்கிக்கொள்ளலாம். புவிசார் குறியீடு பெற்றது, கூட்டுறவுச் சங்கக் கடையில் கேட்டால் விசைத்தறிச் சரக்கைத் தலையில் கட்ட மாட்டார்கள்.

பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டையும் ஐந்து நிமிடம் பார்த்துவிடுங்கள். 1283இல் முடித்ததாகச் சொல்லப்படும் வாய்க்கால் அங்கேதான் கிளம்புகிறது, பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து நொய்யல் ஆறு வரை போகிறது. அந்த நெளிவைத் தப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. சரிவு மிகக் குறைவான நிலத்தில் தண்ணீரை மேட்டோரமாகவே நடத்திக்கொண்டு போனால்தான் கீழே உள்ள வயல் எல்லாம் மடை வைத்துப் பாய முடியும். எங்கள் துறை ஆள்கள் யாரைக் கேட்டாலும் அந்த வாய்க்காலைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார்கள். எனக்கும் அந்த நோய் உண்டு, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மதியத்துக்கு மேல் கோபிக்கு வந்து அறை எடுங்கள். சத்தியமங்கலத்திலும் தங்கலாம், மலைக்குக் கிட்ட. ஆனால் சாப்பாட்டுக்கும் மருத்துவமனைக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு கோபிதான் தோது. இரண்டாம் நாள் காலை கொடிவேரி, மதியம் தூக்கம், மாலை குண்டேரிப்பள்ளம் அல்லது பச்சைமலை முருகன் கோயில். கோயிலுக்கு வண்டி மேலே வரை போகும், சுற்றிலும் நெல் வயல் தெரியும், டிசம்பர் கடைசியில் கதிர் சாய்ந்து அறுவடையை எட்டிக்கொண்டிருக்கும். அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் அரிசிம்பருப்புச் சாதம் எந்த மெஸ்ஸில் கிடைத்தாலும் விடாதீர்கள், நெய்யும் தயிரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம், ஆசனூர். நான்காம் நாள் அறையைக் காலி செய்து பவானிசாகர். அணையின் மேல் ஏற விட மாட்டார்கள், ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் விடுவது பழைய வழக்கம், அதையும் சில வருடம் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே பூங்கா உண்டு, பிள்ளைகள் ஓட இடம் உண்டு, மீன் வறுவல் உண்டு. எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணைக் குவித்துக் கட்டிய அணையைக் கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பதே ஒரு காட்சி. வேறொன்றும் அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நான்காம் நாள் சனியோ ஞாயிறோ ஆகி, பரளிக்காட்டில் முன்பதிவும் கிடைத்துவிட்டால் பவானிசாகரை விட்டுவிட்டு விடியற்காலையிலேயே அங்கே கிளம்பிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியாது.

பண்ணாரியிலிருந்து பவானிசாகருக்கு ராஜன்நகர், புதுப்பீர்கடவு வழியாக ஒரு சாலை போகிறது. வரைபடத்தில் பார்த்தால் குறுக்கு வழி. காட்டை ஒட்டிய சாலை, யானை கடக்கும் இடம். பகலில் தாராளமாகப் போகலாம், பொழுது சாய்ந்தபின் சத்தியமங்கலம் சுற்றியே வாருங்கள்.

திரும்ப ரயில் கோவையிலிருந்து என்றால் பவானிசாகரிலிருந்து புன்செய் புளியம்பட்டி, அன்னூர் வழி. அன்றைக்கு வியாழக்கிழமையாக இருந்தால் புளியம்பட்டிச் சந்தை, மாடு ஏற்றிய வண்டிகளால் ரோடு நிரம்பியிருக்கும், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.